மனைவியின் வலது காது

விடியற்காலையில் வலப்பக்கம் புரண்டு படுத்த என் மனைவி, என் பனியனைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "கட்டில் கவிழுதுங்க" என்றாள். பித்தம் என்று சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுத்தேன். மறுநாளும் கட்டில் கவிழ்ந்தது. அவள் கவலை வேறு. பௌர்ணமிக்குத் தோழிகளோடு திருக்கழுக்குன்றம் மலையேறுவதாக இருந்தாள். பாதிப் படியில் தலை சுற்றினால்?

செங்கல்பட்டில் காது மூக்கு தொண்டை மருத்துவர் அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை விளிம்புக்கு வெளியே தொங்கியது. சில நொடிகளில் அவள் கருவிழிகள் துடிதுடித்தன.

"வலது காதும்மா. உள்ளே இருக்கிற சுண்ணாம்புத் துகள் இடம் மாறி, போகக்கூடாத குழாய்க்குள்ள போயிடுச்சு. திருப்பி அனுப்பிடலாம்."

தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினார், உடம்போடு ஒருக்களிக்க வைத்தார், பிறகு உட்காரவைத்தார். அவ்வளவுதான், மாத்திரைகூட இல்லை. "திரும்ப வந்தா வாங்க" என்றார்.

லேசாகத் திரும்ப வந்தது. நான் கல்பாக்கத்தில் குழாய்களோடே காலம் தள்ளி ஓய்வுபெற்ற பொறியாளன். "இதுக்கு எதுக்குச் செங்கல்பட்டு? நானே பண்ணிடுறேன்" என்றேன். அவள் எதிரே நின்று தலையை வலப்பக்கம் திருப்பினேன். என்னுடைய வலப்பக்கம்.

"டாக்டர் அந்தப் பக்கம் இல்ல திருப்பினாரு?"

"நீ சும்மா இரு."

சாய்த்தேன், ஒன்றுமில்லை. மறுபக்கம் திருப்பியதும், "ஐயோ, சுத்துது!" என்று அலறினாள். "அப்போ துகள் நகருது!" என்று குதூகலமாக முதலிலிருந்து மறுபடி செய்தேன். அவள் காலையில் சாப்பிட்ட இட்லி என் வேட்டிமேல் வந்தது.

மறுநாள் மருத்துவர் கேட்டார்: "வீட்ல யாராவது ஏதாவது பண்ணினீங்களா?"

நான் சுவரிலிருந்த காதுப் படத்தை ஆராய்ந்தேன்.

"தூக்கத்துல எக்குத்தப்பா புரண்டுட்டேன் டாக்டர்" என்றாள் அவள்.

அவர் சரியான பக்கம் திருப்பிச் சரிசெய்துவிட்டு, கொஞ்ச நாளைக்கு மலையேற்றம் வேண்டாம் என்றார். பௌர்ணமியன்று தோழிகள் உச்சியிலிருந்து படம் அனுப்பினார்கள். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நாட்காட்டியில் அடுத்த பௌர்ணமியைத் தேடினேன்.

அடுத்த பௌர்ணமிக்கு நான் அழைத்துப்போனேன். பாதிப் படியில், "வலது கையைக் கொடு" என்றேன்.

"யாரோட வலது?"

"அன்னிக்கு டாக்டர்கிட்ட, நான்தான் பண்ணினேன்னு சொல்லியிருக்கணும். உன்னைப் பொய் சொல்லவிட்டு நின்னது தப்பு."

"உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது. பேசாம ஏறுங்க" என்று எனக்கு முன்னால் நடந்தாள்.