நொஷாட்டலில் காத்திருந்த அட்டை

சுவிசின் ஓல்டன் நகரில் மாதத்தில் ஒருநாள் பழைய கடதாசி எடுக்க வாகனம் வரும். அன்று காலையில் எங்கள் தெருவைப் பார்க்க வேண்டும். பத்திரிகைகளை அளவாக அடுக்கி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, ஏதோ கலியாண வீட்டுக்குக் கொண்டுபோகிற பொதிகள் போல வாசல்தோறும் வைத்திருப்பார்கள். வந்த புதிதில் நான் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் திணித்துத் தெருவில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது பை என் கதவடிக்கே வந்திருந்தது. அதன் மேல் ஒரு கயிற்றுப் பந்து. கோபத்தில் வைத்தார்களா, உதவிக்கு வைத்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எறியப்போகிற கடதாசிக்கு இவ்வளவு மரியாதையா என்று அன்று மனைவி மாலதியிடம் சொல்லிச் சிரித்தேன். அதே சிரிப்பைத்தான் ரொறன்ரோவில் இருந்த என் தம்பி ரவியிடமும் பல வருடங்களாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவன் பழைய பேஸ்போல் அட்டைகள் சேர்த்தான்.

நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே வருடத்தில்தான் வெளிக்கிட்டோம். ஏஜென்சிக்காரர் என்னைச் சுவிசில் விட்டார். ரவியை வேறொருவர் கனடாவில் விட்டார். அவனுக்கு அப்போது பதினெட்டு வயது. வீடு மாறுகிறவர்களின் தளபாடங்களைத் தூக்கி ஏற்றும் வேலை அவனுக்குக் கிடைத்தது. ஒருநாள் முதியோர் இல்லத்துக்குப் போகவிருந்த ஒரு கிழவர், சப்பாத்துப் பெட்டி ஒன்றைக் கொடுத்து எறியச் சொல்லியிருக்கிறார். திறந்து பார்த்தால் உள்ளே சின்னச் சின்ன அட்டைகள். ஒவ்வொன்றிலும் தொப்பி போட்ட ஒரு விளையாட்டு வீரனின் படம். பின்பக்கத்தில் அவன் பிறந்த ஊர், எந்தக் கையால் எறிவான், எத்தனை ஆட்டம் ஆடினான் என்ற விபரம். அந்தக் காலத்தில் சுவிங்கத்தோடு வந்த அட்டைகள் அவை. சில அட்டைகளில் சுவிங்கம் ஒட்டிய கறைகூட இருந்ததாம். எறிய மனமில்லாமல் கேட்டு வாங்கி வந்தான். முதல் பனிக்காலம் முழுக்க, நிலக்கீழ் அறையொன்றில் தனியே இருந்து, அந்த அட்டைகளின் பின்பக்கத்தை வாசித்துத்தான் ஆங்கிலம் படித்தான்.

“அண்ணா, சவுத்போ எண்டால் என்ன தெரியுமோ?” என்று ஒருமுறை தொலைபேசியில் கேட்டான்.

“நாய், பூனையின்ர காலாக்கும்.”

“இல்லையண்ணா! இடக்கையால எறியிறவனை அப்பிடிச் சொல்லுறது. இஞ்ச இடக்கைக்காரரைத் தேடித் தேடி எடுப்பினம்.”

அவன் குரலில் இருந்த சந்தோசம் எனக்கு விளங்கியது. ரவி இடக்கைக்காரன். பள்ளிக்கூடத்தில் இடக்கையால் எழுதியதற்காக அடிமட்டத்தால் அடி வாங்கியவன். இரண்டு வகுப்பு மேலே படித்த நான், வீங்கின கையோடு அவன் நின்றதை யன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அங்கேயும் அடி விழும்.

பிறகு அந்தப் பெட்டியே அவன் வாழ்க்கையில் ஒரு பங்காகிவிட்டது. ஐம்பதுகளில் அச்சான ஒரு தொகுதியை முழுமையாகச் சேர்ப்பது என்று முடிவெடுத்தான். நானூறுக்கும் மேற்பட்ட அட்டைகள். முழுத் தொகுதியாக விற்கிறார்கள், வாங்கிவிடலாம். அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஒன்று ஒன்றாகத் தேடினான். சந்தைகளில், பழைய பொருள் கடைகளில், செத்தவர் வீட்டு ஏலங்களில். கிடைத்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்புவான். “நாலு மூலையும் மழுங்காமல் இருக்கு பாருங்கோ அண்ணா.” நான் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிடுவேன். என் வேலை ஓல்டனுக்கு வெளியே ஒரு களஞ்சியத்தில். நாள் முழுக்கப் பெட்டி தூக்கி இறக்கிவிட்டு வருகிறவனுக்கு மூலை மழுங்கினால் என்ன, மழுங்காவிட்டால் என்ன!

கடைசியில் ஒரேயொரு அட்டை மிச்சமிருந்தது. பெரிய வீரன் இல்லை. ஒரு பருவம் மட்டும் ஆடிவிட்டுக் காணாமல் போன ஒரு இடக்கைக்காரன். தொகுதியின் கடைசிப் பகுதியில் குறைவாக அச்சானதால் அந்த அட்டை கிடைப்பது அருமை. ஆறு வருடம் தேடினான்.

அம்மாவின் ஆட்டைத் திவசத்தன்று அவன் அழைத்தான். அம்மா செத்தபோது இருவராலும் ஊருக்குப் போக முடியவில்லை. எனக்கு முதுகில் சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. அவனுக்கு விசாக் கடதாசியில் ஏதோ சிக்கல். படையலுக்கு மாலதி சமைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பற்றிக் கதைக்கப் போகிறான் என்று நினைத்துத்தான் தொலைபேசியை எடுத்தேன்.

“அண்ணா, நொஷாட்டல் உங்களுக்குக் கிட்டத்தானே?”

“ஏன்?”

“அங்க ஒரு மனுசியிட்ட அந்த அட்டை இருக்கு. அவவின்ர புருசன் முந்தி அமெரிக்காவில வேலை செய்தவராம். தபாலில அனுப்ப மாட்டாவாம், துலைஞ்சிடும் எண்டு பயப்பிடுறா. ஆராவது நேர வந்தால் குடுப்பாவாம்.”

“இண்டைக்கு என்ன நாள் எண்டு தெரியுமோ உனக்கு?”

“தெரியும் அண்ணா. நானும் விரதம்தான். நேரம் கிடைச்சால் போங்கோ, அவசரமில்லை.”

ஓம் என்று சொல்லி வைத்தேன். ஆனால் மனதுக்குள் ஒரு முள் ஏறிவிட்டது. அம்மாவின் திவசத்தன்று அட்டை கேட்கிறான்! ஓல்டனிலிருந்து நொஷாட்டலுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. மாறக்கூடத் தேவையில்லை. நான் போகவில்லை. ஒரு ஞாயிறு களைப்பு என்றேன், ஒரு ஞாயிறு மழை என்றேன். மூன்றாம் முறை அவன் கேட்டபோது, எந்தத் திட்டமும் இல்லாமல் வாயில் ஒரு பொய் வந்தது.

“போனனான். அந்த வீட்டில இப்ப வேற ஆக்கள் இருக்கினம். மனுசி எங்கயோ மாறிப் போயிட்டாவாம்.”

“அப்பிடியோ…” என்றான் ரவி. பிறகு, “பரவாயில்லை அண்ணா. எனக்காக வீணா அலைஞ்சு போட்டீங்கள். முதுகு நோகேல்லையோ?”

இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவன் அந்த அட்டையைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கவில்லை. தொல்லை விட்டது என்று நினைத்தேன். ஓம், அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த பனிக்காலத்தில், வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தபோது ரவி மாரடைப்பில் விழுந்தான். ஆம்புலன்ஸ் வரும்போதே உயிர் இல்லை. நான் ரொறன்ரோவுக்குப் போய் இறங்கியபோது எல்லா ஆயத்தங்களும் முடிந்திருந்தன. சவப்பெட்டிக்குள் அவன் இடக்கை வலக்கைக்கு மேலே இருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். கொள்ளி வைத்த பிறகு ஒரு பின்னேரம் அவன் மனைவி சுகந்தி அட்டைகள் அடுக்கிய அல்பத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். ஒவ்வொரு தாளிலும் ஒன்பது உறை, ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு அட்டை. கடைசிக்கு முதல் தாளில் ஒரு உறை வெறுமையாக இருந்தது.

“இது ஒண்டுதான் கிடைக்கேல்லை அண்ணை,” என்றாள். “நீங்களும் எவ்வளவோ அலைஞ்சனீங்களாம். சொல்லிச் சொல்லி நன்றிப்படுவார்.”

நான் அல்பத்தை மூடிக் கொடுத்தேன். அவளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஓல்டனுக்குத் திரும்பி, முப்பத்தோராம் நாள் கழிந்து வந்த ஞாயிறு நொஷாட்டலுக்கு ரயில் ஏறினேன். ரவி அன்று அனுப்பிய முகவரி என் தொலைபேசியில் அப்படியே இருந்தது. ஏரிக்கு மேலே, ஏற்றமான ஒரு தெரு. மணியை அழுத்தினால் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மையார் கதவைத் திறந்தார். எனக்கு யேர்மன் தெரியும், பிரெஞ்சு தெரியாது. “கார்த், கார்த்” என்றேன். அட்டைக்கு அதுதான் சொல் என்று தேடிப் பாடமாக்கியிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டு உள்ளே போய், மலைப்பாதைகள் குறித்த ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தார். அவர்கள் பாசையில் அதற்கும் அதே சொல்தானாம். வழி தவறி வந்தவன் என்று நினைத்து, நிலையத்துக்குப் போகும் தெருவை விரலால் காட்டினார். நான் தொலைபேசியில் ரவியின் படத்தை எடுத்து நீட்டினேன். பேரையும் சொன்னேன்.

அவர் வரைபடத்தை மடித்து வைத்தார். “ஓல்டன் அண்ணனா நீங்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “கடைசியில் உங்களுக்கு ஓய்வு கிடைத்துவிட்டதா?”

எனக்கு விளங்கவில்லை. அவர் ஒரு மேசை லாச்சியைத் திறந்து கடித உறை ஒன்றை எடுத்தார். அதன்மேல் ஓல்டன் என்று எழுதியிருந்தது. அட்டை உள்ளே இருந்தது. கூடவே ரவியோடு நடந்த மின்னஞ்சல்களை அச்செடுத்து மடித்து வைத்திருந்தார். வயதானவர்கள் இங்கே எதையும் தாளில்தான் நம்புவார்கள். நீங்கள் வீடு மாறிவிட்டீர்களா என்று ரவி எழுதிக் கேட்டதற்கு, யாரும் வரவில்லையே, நான் நாற்பது வருடமாக இதே வீட்டில்தான் இருக்கிறேன், இன்னும் வேண்டுமா என்று இவர் கேட்டிருக்கிறார். அதற்கு ரவி எழுதிய பதிலை அங்கேயே நின்று வாசித்தேன். என் அண்ணன் பாரமான பெட்டிகள் தூக்குகிறவர், அவருக்கு முதுகில் வருத்தம், ஓய்வு நாளில் அவர் படுக்க வேண்டும், ஒருநாள் கட்டாயம் வருவார், தயவுசெய்து வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். திகதியைப் பார்த்தேன். நான் பொய் சொல்லி இரண்டு கிழமைக்குப் பிறகு எழுதியது.

“அவருக்கு எப்போது அனுப்பப் போகிறீர்கள்?” என்று அம்மையார் கேட்டார்.

“ஹி இஸ் நோ மோர்,” என்றேன்.

“இனிச் சேர்க்கமாட்டாரா? ஏன்?”

என் ஆங்கிலம் அவ்வளவுதான். செத்துப்போனார் என்பதை யேர்மன் மொழியில் சொன்னேன். அந்தச் சொல் அவருக்கு விளங்கியது. கதிரையை இழுத்து என்னை இருத்தினார். காசு எடுக்க மறுத்துவிட்டார். கோப்பி போட்டுத் தந்தார். அதைக் குடிக்க முடியாமல் வைத்துக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் நான் அப்படி அழுதது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து சுகந்திக்கு எடுத்தேன். “நான் அண்டைக்குப் போகேல்லை. போனனான் எண்டு பொய் சொன்னனான். அது ரவிக்குத் தெரியும்.”

 

“எனக்கு அவர் ஒருநாளும் சொல்லேல்லை அண்ணை,” என்றாள். பிறகு, “அல்பத்தைப் போன கிழமைதான் அவற்ற சிநேகிதர் ஒராளிட்டக் குடுத்தனான். அவரும் சேர்க்கிறவர், வடிவா வைச்சிருப்பார். வேணுமெண்டால் கேட்டுப் பாக்கட்டோ?”

வேண்டாம் என்றேன். அட்டையைக் கேட்டு அந்த மனிதர் எழுதினால் அனுப்பலாம். அவர் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அலுமாரியில் எங்கள் கடவுச்சீட்டுகளோடு அது இருக்கிறது. எடுத்துப் பார்க்கும் நாட்களில் பின்பக்கத்து எண்கள் விளங்காமல் எரிச்சல் வந்தது. அதற்காகவே அந்த ஆட்டத்தைப் படித்தேன். இப்போது ரொறன்ரோ அணியின் ஆட்டங்களைத் தொலைபேசியில் பார்க்கிறேன். அவர்கள் மேற்குக் கரையில் ஆடும் நாட்களில், இங்கே விடிந்து நான் வேலைக்குப் போகும் நேரத்திலும் அங்கே ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். என்னோடு வேலை செய்யும் ஊர்ஸ் நல்ல மனிதன். போன கிழமை உடுப்பு மாற்றும் அறையில், நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் காலணி கட்டுவதைப் பார்த்துவிட்டு, என்ன அது, பாசல் அணியின் உதைபந்தாட்டமா என்று கேட்டான்.

இல்லை, என் தம்பியுடைய ஆட்டம் என்றேன். கனடாவில்.

ஊர்ஸின் முகம் மலர்ந்தது. “உன் தம்பி விளையாடுகிறானா? சொல்லவே இல்லையே!”

திருத்தியிருக்கலாம். அதற்கு வேண்டிய யேர்மன் என்னிடம் இருந்தது. “யா,” என்று தலையாட்டினேன்.

“வென்றுவிட்டானா?”

வேலை தொடங்கும் மணி அடித்தது. தொலைபேசியை லொக்கருக்குள் வைத்தேன்.

“இன்னும் முடியவில்லை,” என்றேன்.