சொல்லாமல் விட்ட சோறு

இரத்தத்தில் சீனியைக் குறைக்கவென்று சோற்றையும் பிட்டையும் விட்டு மூன்று வாரமாகியிருந்தது. மீன், முட்டை, கீரை என்று சாப்பிட்டேன். ஆனால் சீனி வருத்தத்துக்கும் தைரொயிட்டுக்கும் போடும் குளிசைகளைப் பழைய அளவிலேயே விழுங்கிவந்தேன்.

துறைமுகத்தடியில் இருக்கும் எங்கள் கந்தோரில், ஒருநாள் மதியத்துக்குச் சற்று முன் கை நடுங்கத் தொடங்கியது. உடம்பெல்லாம் வியர்த்தது. தைரொயிட் குளிசைதான் கூடிவிட்டதென்று நினைத்துக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் வேலை செய்யும் கிண்ணியாவிலிருந்து வரும் தங்கச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"அக்கா, என்ன செய்யுது?"

எனக்கு வாய் குழறியது. என் பையிலிருந்த, சீனி பார்க்கும் மீற்றரை எடுத்து அவளே விரலில் குத்திப் பார்த்தாள். ஐம்பதுக்கும் கீழே காட்டியது. உடனே சீனி கரைத்த தண்ணீரை நீட்டினாள்.

"எனக்குச் சீனி கூடாது."

"இப்ப குடிக்காட்டி விழுந்திருவீங்க. குடிங்க!"

குடித்தேன். நடுக்கம் அடங்கக் கால் மணித்தியாலம் பிடித்தது. அதுவரை அவள் என் கையை விடவில்லை.

பின்னேரமே டொக்டரிடம் போனேன்.

"சோத்தை விட்டதை ஏன் எனக்குச் சொல்லேல்லை? சாப்பாடு மாறினா குளிசையும் மாறவேணும்," என்று ஏசினார். சீனிக் குளிசையைப் பாதியாக்கினார்.

அடுத்த கிளினிக்கில் சீனி குறைந்ததைக் காட்டி அவரிடம் பாராட்டு வாங்க நினைத்திருந்தேன். அதை எப்படிச் சொல்வது? அவர் எழுதித் தந்த துண்டை வாங்கிக்கொண்டு எழும்பினேன்.