கரைக்கு மேலே தெரிந்த வேட்டி

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் ஒரு பைத்தியமும்தான். பெட்டியில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. பைத்தியம் மட்டும் வீடு கொள்ளாமல் இருந்தது. அங்கே ஆற்றில் பாய் விரித்து ஓடும் படகுகளைப் பார்த்துப் பழகிய மனுஷனுக்கு, வாடிப்பட்டிக்கு வடக்கே இருந்த எங்கள் ஊரில் இருப்புக் கொள்ளவில்லை. மாட்டுவண்டி செய்கிற ஆசாரியைப் பிடித்துவந்து எங்கள் தொழுவத்திலேயே படகு வேலையை ஆரம்பித்துவிட்டார். ஆசாரி தன் ஆயுளில் படகைக் கண்டதில்லை. மாமா தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டுவார், ஆசாரி தலையைச் சொறிவார். இரண்டு மாதத்தில் மாட்டுத் தொட்டிக்கு மூக்கு முளைத்த மாதிரி ஒன்று எழுந்து நின்றது. இடுக்குகளில் குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சி ஊற்றினார்கள். பாய்க்கு அப்பாவின் எட்டு முழ வேட்டிகள் இரண்டைச் சேர்த்துத் தைத்தாயிற்று.

"இடுப்புல கட்டியிருக்கதையும் அவுத்துக் குடுங்க, கொடி கட்டட்டும்" என்று அம்மா அப்பாவிடம் எரிந்து விழுந்தாள்.

அந்த ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கண்மாய் ததும்பியது. கண்மாய்க்கு மேற்கே நாங்கள், கிணற்றில் இறைத்துப் பிழைக்கிறவர்கள். கிழக்கே, பனை உயரக் கரைக்குக் கீழே, கீழூர். அவர்களுக்குக் கிணறு கிடையாது. நட்டு முடித்த நெல், தை மாதத்துச் சோறு, எல்லாம் அந்தத் தண்ணீர்தான். மூன்று வருஷ வறட்சிக்குப் பிறகு நிறைந்த கண்மாய் அது.

அதைப் படகில் மூன்று நாள் சுற்றி வருவது, பொழுது சாய்ந்தால் நடுவிலிருக்கும் மண் திட்டுகளில் கூடாரம் போட்டுத் தங்குவது என்பது மாமாவின் திட்டம். நானும் வருவேன் என்று ஒரு பொழுது முழுக்கச் சோறு தின்னாமல் கிடந்தேன். எனக்கு ஒன்பது வயது, பிடிவாதத்துக்குத் தொண்ணூறு. அப்பாதான் இளகினார்.

முதல் நாள் சொர்க்கம்! வேட்டி காற்றைக் குடித்து வயிறு உப்பிக்கொண்டது. படகு நாரைகளை விரட்டிக்கொண்டு ஓடியது. அடியில் ஊறிய தண்ணீரைச் செம்பால் மொண்டு வெளியே ஊற்றுவது என் உத்தியோகம். மாமா ரங்கூன் பாட்டு ஒன்றை அபஸ்வரமாகப் பாடினார். சாயங்காலம் காற்று விழவே பாயை இறக்கி, துடுப்புப் போட்டுக் கிழக்குக் கரையை ஒட்டிய கருவேலந் திட்டில் ஏறினோம். பாயைக் கழற்றி மரத்துக்கு மரம் கட்டியதில் கூடாரமும் ஆயிற்று. தூறலில் அது சொட்டச் சொட்ட நனைந்துபோனது.

விடிந்ததும் பாயை மறுபடி கம்பத்துக் கயிற்றில் கோத்துவிட்டு, "இரு, வெறுங்காப்பி போட்டுக் குடிச்சிட்டு ஏத்துவோம்" என்று மாமா அடுப்பு ஊதப் போனார். ஈர விறகு புகைந்துகொண்டே இருந்தது. எனக்குக் கை சும்மா இருக்குமா? கயிற்றைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். வேட்டி கம்பத்தின் உச்சிக்குப் போய்ப் படபடவென்று அடித்துக்கொண்டது. "கழுத, கை நிக்காதாடி ஒனக்கு" என்று மாமா சிரித்தார். தனியாக ஏற்றிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கரைக்கு அந்தப் பக்கம் பறை முழங்கியது. "எவன் வீட்டுக் கல்யாணமோ" என்றார் மாமா.

கல்யாணமா? பாவி மனுஷன். கீழூரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்த ஒன்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. கீழூரிலிருந்து பார்த்தால் கண்மாய்த் தண்ணீர் தெரியாது, கரையின் தலைதான் தெரியும். கரை உடையப் போகிறது என்றால் காவல்காரர் ஒரு கம்பத்தில் வெள்ளைத் துணியை ஏற்றுவார். அதைக் கண்டதும் ஊர் பாறைமேட்டுக்கு ஓட வேண்டும். நீர் பாய்ச்சும் பொறுப்பிலுள்ள நீர்க்கட்டி, வடகோடியில் கரையைத் தானே வெட்டிவிட வேண்டும். வெள்ளம் ஓடையில் போய்விடும், ஊர் பிழைத்துக்கொள்ளும். ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது என்பது ஊர்க்கட்டு. காவல்காரரோ அந்த நேரம் தென்கோடியில் நண்டு வளை அடைத்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு இந்தக் கட்டு தெரியும்தான். தன் வேட்டி இப்படி ஒரு சேதி சொல்லும் என்று அவர் எங்கே கண்டார்!

வடக்கே திடீரென்று ஒரு இரைச்சல். திட்டின் ஓரத்தில் தண்ணீர் இறங்கி, கருவேல வேர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நான் பயந்து மாமாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

என்னைப் படகில் தூக்கிப் போட்டுக்கொண்டு கரைக்கு ஓட்டினார். நீர்க்கட்டி மண்வெட்டியும் கையுமாகக் கரைமேல் ஓடிவந்து எங்களையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, கரை ஒடையலையா?"

மாமா என்னைக் கரையில் இறக்கிவிட்டுப் படகை, நீர்க்கட்டி வெட்டிய வாய்க்கு நேரே திருப்பினார். அதைக் குறுக்கே செருகி உடைப்பை அடைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். ஐயோ, படகு முறுக்கு மாதிரி நொறுங்கியது. மாமாவை ஓடையில் கால் மைல் தள்ளி, நெற்றி கிழிந்த நிலையில் இழுத்துப் போட்டார்கள்.

உச்சிப்பொழுதுக்குள் கண்மாய் வெறும் சேறு. மீன்கள் துள்ளின. பாறைமேட்டிலிருந்து ஆடு, குஞ்சு குளுவானோடு திரும்பிய சனம் கரையேறிப் பார்த்தது. கரை உடையவில்லை, ஒரு உயிரும் போகவில்லை. பிறகு எதற்கு இந்தப் பெரிய ஆம்பிளைகள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறார்கள் என்று திகைத்துப்போய் நின்றேன்.

யாரும் மாமாவை அடிக்கவில்லை. நீர்க்கட்டி மட்டும் பேசினார்.

"வெட்டுனது என் கையி. துணிய ஏத்துனது யாரு தம்பி?"

"நாந்தான்" என்றார் மாமா.

அண்டப் புளுகு! நான் வாயைத் திறந்தேன். மாமா என் கையை நசுக்கிவிடுகிற மாதிரி அழுத்தினார். நான் ஏற்றியதைத் தான் ஏற்றியதாகச் சொல்லிப் பேர் வாங்கிக்கொண்டாரே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மறுவாரம் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் ஊரைவிட்டுப் போனபோது நான் வழியனுப்பக்கூடப் போகவில்லை.

அடுத்த வருஷம் என்னை மதுரையில் பெரியம்மா வீட்டில் படிக்க விட்டார்கள். காளவாசல் பக்கம், மில் வேலைக்காரர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு எதிர்வீடு. அங்கே என் வயதுப் பெண் ஒருத்தி, இடுப்பில் தம்பியோடு தட்டாங்கல் ஆட வருவாள். ஒருநாள் பேச்சுவாக்கில் தன் ஊர் கீழூர் என்றாள்.

"அங்கிட்டுருந்து ஏன் இங்க வந்தீக?" என்றேன்.

"கண்மாய்த் தண்ணி போச்சுல்ல, அந்த வருசம் நட்டதெல்லாம் கருகிருச்சு. எங்கய்யா மாட்ட வித்துட்டு மில்லுக்கு வந்துட்டாக. ஆத்தாளும் அங்கதான்."

அவ்வளவு சொன்னதில் என் காதில் விழுந்தது அந்த வருஷம் என்பது மட்டும்தான். ஒரு வருஷமாக நெஞ்சில் அடைத்துவைத்திருந்த நியாயத்தைக் கேட்க ஆள் கிடைத்துவிட்டது.

"அன்னைக்கு வெள்ளத் துணி ஏத்துனது யாருன்னு தெரியுமா? எல்லாரும் எங்க மாமாங்கிறாக. அவரு இல்ல. நானு! ஒத்த ஆளா ஏத்துனேன்!"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கற்களைத் தரையில் வைத்தாள், தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு என்னோடு விளையாட வரவேயில்லை.

"ஏண்டி அந்தப் புள்ளயக் காணோம்?" என்று பெரியம்மா கேட்டாள்.

"பொறாம பெரியம்மா" என்றேன். "நான் படகுல போயிருக்கேன்ல."