பூப்போட்ட அங்கியும் என் தீர்ப்பும்

1995-ஆம் வருடம், கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மாதம். கோவை உக்கடத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் எனக்கு டாரட் சீட்டுக்கட்டு ஒன்று கிடைத்தது. மேல்நாட்டுக்காரர்கள் குறி பார்க்கிற படச்சீட்டு. விளக்கப் புத்தகம் எங்கே என்று கேட்டேன். "அது இருந்தா இந்த வெலைக்குக் குடுப்பனுங்களா?" என்றார் கடைக்காரர். நியாயமான பதில்.

அப்போது நான் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். விண்ணப்பத்தில் ஒரு சுருக்கொப்பம் விடுபட்டாலும் திருப்பி அனுப்புகிற ரகம். விதி இல்லாத இடத்தில் விதியை நானே எழுதிக்கொள்வேன். படத்தில் இருப்பவரின் உடையைப் பார்த்துப் பலன் சொல்வது என்று முடிவு செய்தேன். சிவப்பு அங்கி என்றால் அதிகாரம். சாம்பல் நிறப் போர்வை என்றால் தனிமை. கவசம் போட்டவன் வந்தால் மேலதிகாரியிடம் எச்சரிக்கை தேவை.

புளிசாதமும் தயிர்சாதமும் மணக்கும் அந்த மதிய வேளைகளை நினைத்தால் இன்றும் சுகமாக இருக்கிறது. என் மேஜையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். இடமாறுதல் கேட்டிருந்த ஒருவருக்குத் தேர் படம் போட்ட சீட்டு வந்தது; மறுவாரமே உத்தரவும் வந்தது. அந்தக் கோப்பை மேலே அனுப்பியதே நான்தான் என்பது யாருக்கும் நினைவு வரவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

எங்கள் பிரிவின் தட்டச்சர், கிணத்துக்கடவிலிருந்து தினமும் வந்துபோகும் ஓர் அம்மாள். கணவர் இல்லை, ஒரே மகள். அந்தப் பெண்ணுக்குச் சென்னையில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஒருநாள் அவரும் ஒரு சீட்டை உருவினார். பூப்போட்ட அங்கி, தலையில் இறகு, தோளில் சின்ன மூட்டை, காலருகே ஒரு நாய். ஆள் நிற்பதோ மலை விளிம்பில்.

"புள்ளைய மெட்ராஸுக்கு அனுப்பலாமுங்களா சார்?"

"பள்ளத்தைப் பாருங்க அம்மணி. உடுப்பு திருவிழாவுக்குப் போட்டது, கால் வைக்கிறது பாதாளத்துல. நாய்க்குத் தெரியுது, ஆளுக்குத் தெரியலை. பயணம் வேண்டாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்துச் சாப்பிடும்போது, மகள் கல்லூரியில் சேர்ந்தாயிற்றா என்று அந்த அம்மாளிடம் கேட்டேன்.

"அனுப்பலீங்க சார். நாளைக்குத்தான் கடைசி நாளு. நீங்கதான் வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்களே."

சாப்பாட்டு டப்பாவை மூடினேன். இரண்டு பேருக்கும் அரைநாள் விடுப்பு எழுதி வைத்துவிட்டு, அவருடன் கிணத்துக்கடவு வழியாகப் போகும் பொள்ளாச்சி பஸ் ஏறினேன்.

வீட்டில் அந்தப் பெண் சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வாங்க" என்றாள். எங்கள் பக்கம் எவ்வளவு கோபத்திலும் அந்த மரியாதை குறையாது. விஷயத்தைச் சொல்லி, கையோடு கொண்டுபோயிருந்த அந்தச் சீட்டை அவளிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பயந்த ஆளு மாதிரியாங்க இருக்குது? தலைய நிமித்திட்டுல்ல போறாரு. நாய் தடுக்கலீங்க, கூட வருது. வேணுங்கறத மட்டும் மூட்டை கட்டியிருக்காரு. பள்ளம்னு நீங்க சொல்றீங்க. அதுக்கு அந்தப்பக்கம் என்ன இருக்குதுன்னு வரையவே இல்லீங்களே."

என் விதிகளில் ஒன்றுகூட அவளுக்குத் தேவைப்படவில்லை.

அப்போதுதான் அம்மா வாய் திறந்தார். "எனக்குச் சீட்டு மேல எல்லாம் நம்பிக்கை இல்லீங்க சார். இவ போயிட்டா ஊட்டுல நான் ஒருத்திதான். வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. படிச்சவங்க நீங்க சொன்னதும் அதையே புடிச்சுக்கிட்டேன்."

எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, 'மேற்படி சீட்டு குறித்து நான் சொன்ன கருத்து, தகுதியற்ற நபரால் சொல்லப்பட்டதால் ரத்து செய்யப்படுகிறது' என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அம்மா இரண்டு தடவை படித்தார். "சீல் இல்லாம செல்லுமுங்களா சார்?" என்றார். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. பிறகு எழுந்து பரணிலிருந்து பெட்டியை இறக்கினார்.

அன்றைய ரயிலிலேயே அம்மாவும் மகளும் முன்பதிவில்லாத பெட்டியில் சென்னை போனார்கள். கடைசி நாளில் அவள் சேர்ந்துவிட்டாள். அம்மாவின் விடுப்பு விண்ணப்பத்தை நானே எழுதி நானே பரிந்துரைத்தேன். விதிப்படி தவறு.

வாழ்நாளெல்லாம் யோசித்து யோசித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். யோசிக்காமல் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தையை இன்னொருவர் உத்தரவாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்ற பயம், யாராவது என்னிடம் யோசனை கேட்கும்போதெல்லாம் இன்றும் என் நாக்கைப் பிடித்து நிறுத்துகிறது.