இடது காலில் விழுந்த வலை

டெல்லி மெட்ரோ இன்னும் எங்கள் ஜனக்புரிக்கு வந்து சேராத ஒரு ஜனவரியில், குளித்துவிட்டுக் கால் துடைக்கும்போதுதான் அதைப் பார்த்தேன். இடது கெண்டைக்காலில், மீன் வலையை விரித்துக் காயப்போட்ட மாதிரி, பழுப்புச் சிவப்பில் கோடுகள். வலித்திருந்தால் தைலம் தேய்த்துவிட்டு மறந்திருப்பேன். வலிக்காததுதான் பயமாக இருந்தது.

மார்க்கெட்டில் ஒரு சைபர் கஃபே. ப்ளைவுட் தடுப்பு, பூப்போட்ட திரை. நாற்பத்தாறு வயதுக்காரன் உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டுப் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டினால் கடைக்காரர் என்னதான் நினைப்பார்? எட்டிப் பார்த்தார். "அங்கிள்ஜி, யஹான் ஃபேமிலி ஆத்தி ஹை." குடும்பங்கள் வருகிற இடமாம். காலைக் காட்டினேன். ஒரு அடி பின்வாங்கி, அவரே திரையை இழுத்து மூடினார்.

இணையத்தில் தேடினால், ரத்தக்குழாய் வீக்கம் என்றது ஒரு பக்கம். ரத்தத்திலேயே கோளாறு என்றது இன்னொன்று. அதில் படமும் உண்டு. அங்குலம் அங்குலமாக இறங்கியது. இறங்கி முடித்தபோது அச்சு அசலாக என் கால். அதற்குக் கீழே எழுதியிருந்ததை அச்செடுத்து, மடித்து, பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். சாகப்போகிறவனிடம் ஆதாரம் இருக்க வேண்டாமா?

அன்றிலிருந்து உத்தமனாக வாழ்ந்தேன். உப்புமாவைக் குறை சொல்லவில்லை. டிவி ரிமோட்டை நானாகவே மனைவியிடம் நீட்டினேன். அவள் திருநெல்வேலிக்காரி.

"என்ன செஞ்சுட்டு வந்திருக்கீங்க? ஒழுங்கா சொல்லிருங்க."

"ஒண்ணுமில்லையே. அன்பா இருக்கேன்."

"அதான் கேக்கேன்."

நாலைந்து நாள் கழித்து ஒரு காலை, ஷால் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றாள். "டிஸ்பென்சரிக்குக் கிளம்புங்க." கையில் என் காகிதம். துவைக்கப் போட்ட பேண்ட்டில் கிடைத்திருக்கிறது.

அரசு டிஸ்பென்சரியின் பஞ்சாபி டாக்டரம்மா காலை ஒரு நிமிடம் பார்த்தார். ஆபீஸில் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்காருவீர்களா என்று இந்தியில் கேட்டார்.

இங்கே ஒரு அலுவலக ரகசியத்தைச் சொல்ல வேண்டும். சொந்த ஹீட்டர் வைக்கக் கூடாது என்று எங்கள் ஆபீஸில் சுற்றறிக்கை உண்டு. எல்லா மேஜைக்கும் அடியில் ஹீட்டரும் உண்டு. என்னுடையது இடது காலுக்கு ஒரு சாண் தள்ளி, கோப்புக் கட்டுக்குப் பின்னால் நாள் முழுக்க எரியும். அந்தச் சுற்றறிக்கையை எழுதியவனே நான்தான். கேட்கிறவரும் அரசாங்கம் என்றதும் இல்லை, அனுமதி கிடையாது என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது: "நஹீன் ஜி. அலவுட் நஹீன் ஹை."

டாக்டரின் முகம் மாறியது. ரத்தப் பரிசோதனைகளை எழுதத் தொடங்கினார். ஒரு பக்கம் நிறைந்ததும் சீட்டைத் திருப்பினார். பொய் சொன்னது நான்தான் என்பதே எனக்கு மறந்துபோய், எத்தனை பரிசோதனை என்று எண்ணத் தொடங்கினேன்.

மனைவி மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, உங்க பேண்ட்ல எல்லாம் இடது கால்ல மட்டும் ஏன் தீஞ்ச வாடை அடிக்கு?"

"அது... இருக்கு."

"என்ன இருக்கு?"

"ஹீட்டர்."

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "ஹீட்டர் ஹை ஜி. ஜூட் போல்தா ஹை." நான் பொய் சொல்கிறேன் என்பதை, இந்தியில் கணவனுக்கு உண்டான மரியாதையைக் கழித்துவிட்டுச் சொன்னாள்.

டாக்டர் சிரித்துக்கொண்டே சீட்டைக் கிழித்தார். தினமும் சூடு பட்டுப் பட்டுத் தோலில் விழுந்த கோலம்தானாம். ஹீட்டரைத் தள்ளி வைத்தால் சில மாதங்களில் மங்கிவிடுமாம்.

மனைவி சிரிக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் ஷால் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் காகிதத்த மூணு நாளா அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். எனக்குத் தெரிஞ்சுட்டுன்னு தெரிஞ்சா நீங்க பயந்துருவீங்கன்னு."

நல்லவேளை, பஸ் வந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க, தினமும் மூன்று மணிக்கு ஆபீசுக்குப் போன் செய்வாள்.

"கால் எங்க இருக்கு?"

"என்கிட்டதான்" என்பேன், ஹீட்டரைக் காலால் தள்ளியபடி.