வடக்கனந்தல் தேர்க்காசு

காலை ஒன்பதரை மணிக்குக் கள்ளக்குறிச்சியில் பேருந்தை விட்டு இறங்கினேன். வடக்கனந்தலுக்கு ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். வழியெல்லாம் கரும்பும் மரவள்ளியும். மேற்கே கல்வராயன் மலையில் மேகம் இறங்கியிருந்தது.

பழைய காசு என்றால் எந்த ஊருக்கும் கிளம்பிவிடுகிற கிறுக்கு எனக்கு உண்டு. விவசாயி சேகர் ஒரு பொற்காசைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அவருடைய முப்பாட்டன் கிணறு வெட்டியபோது கிடைத்ததாம். கொண்டை போட்ட ஒரு பெண்ணின் முகம்; ரோமாபுரிக் காசு என்று பார்த்ததுமே தெரிந்தது. மறுபக்கம் தேர் இருப்பதால் வீட்டில் அதற்குத் தேர்க்காசு என்று பெயர். மறுநாள் அவர் மகள் கவிதாவுக்குக் கல்யாணம். சேகரின் மனைவி மல்லிகா இத்தனை வருடம் தன் தாலிக்கயிற்றில் கோர்த்திருந்த அந்தக் காசை மகளுக்குக் கழற்றிக் கொடுக்கப்போகிறார்.

பதினொரு மணிக்கு நான் போனபோது பூவாடைக்காரிக்குப் படையல் போட்டிருந்தார்கள். கணவன் உயிரோடு இருக்கும்போதே இறந்துபோன பெண்களைத் தெய்வமாக அழைத்து, கல்யாணத்துக்கு முன்னால் புடவையும் பூவும் வைத்துக் கும்பிடுகிற வழக்கம் அது. புடவைமேல் இருந்த காசை எடுத்து என் கையில் கொடுத்தார் மல்லிகா.

திருப்பிப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேர் அல்ல, சிதை. ரோமாபுரி அரச குடும்பத்தில் யாராவது இறந்தால் மரத்தில் மாடிமாடியாகச் சிதை எழுப்பி, மாலைகள் தொங்கவிட்டுக் கொளுத்துவார்கள். உச்சியிலிருந்து ஒரு கழுகைப் பறக்கவிடுவார்கள். உயிர் வானேறித் தெய்வமாகிவிட்டதாக அறிவித்து, அந்தச் சிதையையே காசிலும் பொறிப்பார்கள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஐயோ, இது பொணம் எரிக்கிற சிதைங்க!" என்று கத்திவிட்டேன்.

சேகரின் முகம் வெளுத்துவிட்டது. "இன்னா சார் சொல்றீங்க? நாளைக்கு எம் பொண்ணு கழுத்துல ஏறப்போறது சார் இது!"

"இதப் போட்டுக்கினு நான் எப்படிம்மா இருப்பேன்?" என்று கவிதா அழ ஆரம்பித்தாள். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் இப்படிச் செய்துவிட்டேனே!

மல்லிகா காசை வாங்கி அந்தப் பெண் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"செத்தது இந்த அம்மாவா சார்?"

"ஆமாங்க. ராஜாவோட சம்சாரம்."

"அப்ப ராஜா இருந்தாரா?"

"இருந்தாருங்க. அவருதான் இவங்கள சாமியாக்கி, கோயிலும் கட்டினாரு."

"அட, அப்ப பூவாடைக்காரிதானே! இதுக்கா அழுவுற?" காசைக் கண்ணில் ஒற்றிப் புடவைமேல் வைத்தார். "இத்தினி வருஷம் என் கழுத்துல இருந்தாங்க, ஒரு கெடுதலும் பண்ணல. கும்புடு கவிதா."

கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு விழுந்து கும்பிட்டாள். காசில் இருப்பது சிதை என்று கண்டபோது வந்த அதிர்ச்சியைவிட மல்லிகா சொன்னது எனக்குப் பெரிதாக இருந்தது.

மல்லிகா படையல் இலையைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "சார், அவங்க ஊர்ல இன்னா சாப்புடுவாங்க?"

முதலில் தோன்றியதைச் சொன்னேன். "திராட்சை," என்றேன்.

சேகர் பைக்கை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். அவர் திரும்பி வரும்வரை யாரும் சூடம் ஏற்றவில்லை.