வெள்ளிக்கிழமைக் கத்தி

என் வீட்டில் நாற்பத்து மூன்று சவரக்கத்திகள் இருக்கின்றன. எல்லாம் அந்தக் காலத்து மடக்குக் கத்திகள். வீட்டில் சவரம் செய்துகொள்ள வேண்டிய ஆள் என் மகன் ஒருவன்தான். அவனும் தாடி வைத்திருக்கிறான்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பழைய காசு சேர்க்கிறார்கள், தபால்தலை சேர்க்கிறார்கள், நான் கத்தி சேர்க்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள். கத்தியில் பொறித்த இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது, படம் தெரியும். குருவி போட்டது ஒன்று, நங்கூரம் போட்டது ஒன்று, மீசைக்காரன் முகம் போட்டது ஒன்று. நகத்தால் அலகைச் சுண்டினால் நல்ல இரும்பா, கெட்ட இரும்பா என்று என் காது சொல்லிவிடும். சென்னையிலிருந்து வந்த ஒரு சேகரிப்புக்காரர் பூதக்கண்ணாடி வைத்து அரைமணி நேரம் பார்த்துச் சொன்னதை நான் ஒரு சுண்டில் சொன்னேன். அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

முப்பது வருஷம் நான் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் வியாபாரம் செய்தேன். காட்டூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு இன்னொரு பஸ், அப்புறம் தலையில் கூடையோடு நடை. ஒரு நாள், வாங்கி வந்த கறுப்புக் கோட்டின் உள்பையில் ஏதோ கனத்தது. எடுத்தால் கொம்புப் பிடி போட்ட சவரக்கத்தி. மறுநாளே திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்த வீட்டு அம்மா வாசலிலேயே மறித்து, “உள்ள கொண்டு வராதீங்க, நீங்களே வச்சுக்கங்க” என்றார். கத்தி சும்மா கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்று பெண்களுக்குப் பயம். அதற்கப்புறம் நான் கேட்டாலே போதும், தேடி எடுத்துக் கொடுப்பார்கள். அத்தனை வீட்டுச் சண்டையும் இப்போது என் பீரோவில்தான் இருக்கிறது.

அப்படித்தான் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி மாமி ஒருவர், இட்லிப் பானைக்குத் துணி குறைந்தபோது ஒரு மரப்பெட்டியைத் துணிமேல் வைத்தார். உள்ளே சிவப்பு வெல்வெட்டு, ஏழு பள்ளம், ஆறு கத்தி. ஏழாவது எங்கேயோ தொலைந்திருக்கும் என்று நானும் இருபத்தைந்து வருஷம் அப்படியே வைத்திருந்தேன்.

போன வருஷம் சித்திரை பிறந்ததும் கத்திகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த மருமகள் அலகின் முதுகைப் பார்த்துப் படித்தாள்.

“அத்தை, இதுல மண்டேன்னு போட்டிருக்கு. இது ட்யூஸ்டே. நாளுக்கு ஒரு கத்தி போல. வெள்ளிக்கிழமைதான் இல்ல.”

அவள் சொன்னதும் செவ்வாய்க்கிழமைக் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். மற்ற ஐந்தும் தீட்டித் தீட்டி அகலம் குறைந்தவை. செவ்வாய் மட்டும் கடையிலிருந்து வந்தது வந்தபடி இருந்தது. வெள்ளைக்காரன் ஏழு நாளைக்கு ஏழு செய்து அனுப்பியிருக்கிறான். வாங்கியவரோ ஸ்ரீரங்கத்துக்காரர். செவ்வாயும் வெள்ளியும் முகத்தில் கத்தி வைப்பாரா? அப்படியானால் வெள்ளிக்கிழமைக் கத்தியும் ஒரு கன்னத்தைக்கூடத் தொட்டிருக்காது. அவ்வளவு பழைய கத்தி அவ்வளவு புதிதாக எங்கோ இருக்கிறது.

“அதான் ஆறு இருக்கே அத்தை, பத்தாதா?” என்றாள் மருமகள்.

“ஆறு நாள் இருந்தா உனக்கு வாரம் முடிஞ்சிருமா?” என்றேன்.

மறுநாள், வியாழக்கிழமை, சித்திரை வீதிக்குப் போனேன். கதவைத் திறந்த மாமி என்னை உற்றுப் பார்த்தார்.

“பாத்திரக்காரம்மாதானே? உங்க பானை இன்னும் ஒழுகலையாக்கும்.”

வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். திங்கட்கிழமை பெங்களூருக்கு, மகன் வீட்டோடு போகிறார்களாம். நடுவில் நாற்காலியில் மாமியின் வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற வாத்தியார், புதுப் பஞ்சாங்கத்தின் ஒட்டிய பக்கங்களை வெட்டிக்கொண்டிருந்தார். கையில் இருந்தது கொம்புப் பிடி போட்ட சவரக்கத்தி. பெட்டியில் இருக்கும் ஆறுக்கும் அதே பிடிதான்.

“ஐயா, அந்தக் கத்தியைக் கொஞ்சம் பார்க்கலாங்களா?”

“எதுக்கு?”

“அதோட கூடப்பொறந்த ஆறு என்கிட்ட இருக்குங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எங்கப்பா பெட்டியை வாங்கிண்டு போனது நீங்கதானா?”

“நான் கேக்கலைங்க. துணி குறையுதுன்னு அம்மாதான் போட்டாங்க.”

அவர் மாமியைத் திரும்பிப் பார்த்தார். “தொலைஞ்சு போச்சுன்னு சொன்னியே.”

“தொலைஞ்சதுதானே,” என்றார் மாமி. “இருபத்தஞ்சு வருஷமா அந்தப் பானை இட்லியைத்தானே சாப்பிடறேள். ஒரு நாளாவது உப்பு உறைப்பில்லேன்னு சொன்னேளா?”

வாத்தியார் கத்தியை மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “இது எங்கேயும் போகாது. வேணும்னா அந்த ஆறையும் கொண்டு வாங்கோ, நான் வெச்சுக்கறேன்.”

“கொண்டு வரேங்க. வச்சுக்க இல்ல, நீங்க பார்க்க.”

வெள்ளிக்கிழமை காலையிலேயே பெட்டியோடு போய்விட்டேன். அவர் மடியில் வைத்துத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். என் எண்ணெய்க் கைக்கு ஒரு துளி துரு கிடையாது, அதைச் சொல்லாமலே அவருக்குத் தெரிந்தது. அப்புறம் சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்துக் காலிப் பள்ளத்தில் வைத்தார். டக்கென்று உட்கார்ந்தது. மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

“இது சேர்ந்துதான் இருக்கணும்,” என்றார் கடைசியில். “நான் பேப்பர் வெட்டிண்டிருந்தேன். நீங்க பிள்ளை மாதிரி பார்த்துண்டிருக்கேள். எடுத்துக்கோங்கோ.”

நான் கையை நீட்டினேன். அவர் மூடிமேல் கையை வைத்தார்.

“ஆனா இன்னிக்கு வெள்ளிக்கிழமை. ஆத்துலேர்ந்து ஒண்ணும் வெளியே போகப்படாது.”

“அப்ப நாளைக்கு வரேங்க.”

“சனிக்கிழமை இரும்பு வாங்குவேளா?”

வாங்க மாட்டேன். முப்பது வருஷ வியாபாரத்தில் சனிக்கிழமை ஒரு கரண்டி இரும்பு வாங்கியதில்லை. “ஞாயித்துக்கிழமை?”

பஞ்சாங்கத்தைப் புரட்டினார். “நவமி.”

“திங்கக்கிழமை காலைல?”

“ஏழு மணிக்குக் கார் வரது. ஏழரைக்கு ராகுகாலம். யாத்திரை கிளம்பறச்சே யாராவது கத்தியை எடுத்து நீட்டுவாளா?”

அந்தக் கத்தி வெட்டித் திறந்த பக்கமே அதற்குக் குறுக்கே வந்து நின்றது.

என் ஆறை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் உட்கார்ந்த கத்தியைப் பள்ளத்திலிருந்து பிடுங்கி அவரிடம் நீட்டக் கை வரவில்லை. “இங்கேயே இருக்கட்டுங்க. உங்கமேல நம்பிக்கை இருக்கு” என்று சொல்லி, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, தலை நிமிர்ந்து வந்துவிட்டேன். காவிரிப் பாலம் தாண்டும்போதுதான் உறைத்தது. அப்பா பெட்டி என்று சொல்கிற மனிதரிடமே பெட்டியைக் கொடுத்திருக்கிறேன். அவர் ஊரைவிட்டே போகிறார்.

மருமகள் வாயில் கையை வைத்தாள். “ஒண்ணு வாங்கப் போயி ஆறையும் குடுத்துட்டா வந்தீங்க?”

“குடுக்கல. வெள்ளிக்கிழமை நான் மட்டும் குடுப்பேனா?”

“போன் பண்ணிக் கேக்கலாம் அத்தை.”

“நம்பிக்கை இருக்குன்னு சொல்லிட்டு வந்தவ போன் பண்ணுவாளா?”

சனியும் ஞாயிறும் மீதி முப்பத்தாறு கத்திகளுக்கும் இரண்டு தடவை எண்ணெய் போட்டேன். பிடியெல்லாம் வழுக்கியது. சோற்றில் எண்ணெய் வாசனை அடிக்கிறது என்றான் மகன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தும் வீதி முனைக்குப் போகும்போது ஆறே முக்கால். வாசலில் கார் நின்றது. நான் நடையை நிறுத்திக்கொண்டேன். புருஷனை இழந்தவள் ஒற்றையாக எதிரே போனால் கிளம்புகிறவர்களுக்கு ஆகாது என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த வாத்தியாருக்கு இன்னொரு காரணத்தை நானே கொண்டுபோய்க் கொடுப்பானேன் என்று, நின்றிருந்த பால் வேனுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அங்கிருந்தே பார்த்தேன். ஒவ்வொரு அட்டைப்பெட்டி காரில் ஏறும்போதும் அதற்குள் என் ஏழு கத்தியும் ஏறியது.

கார் கிளம்பியது. வேனைத் தாண்டியதும் நின்றது. பின்சீட்டு மாமி கண்ணாடியை இறக்கினார்.

“இங்கே ஏன் ஒளிஞ்சுண்டிருக்கேள்? பானையை வாசப்படில வெச்சிருக்கேன். பெங்களூர்ல இட்லிக்குக் குக்கராம். எடுத்துக்கோங்கோ.”

பானையா நான் கேட்டேன்? வாயைத் திறப்பதற்குள் முன்சீட்டில் வாத்தியார், என் பக்கம் திரும்பாமல், ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

“எதையோ மறந்துட்டு வந்துட்டேன்னு தோணறது.”

“எனக்கும் தோணறது,” என்றார் மாமி. “ஆனா கிளம்பினப்புறம் திரும்பப்படாது.”

“ஆமாம், திரும்பப்படாது. வண்டியை எடுப்பா.”

கார் முனை திரும்பும்வரை நான் நகரவில்லை. அப்புறம் என் வயதுக்கு ஓடக்கூடாத ஓட்டம் ஓடினேன். பூட்டிய கதவுக்கு முன்னால் பானை. மூடியைத் திறந்தால், பழைய வேட்டி ஒன்றில் சுற்றி மரப்பெட்டி. படியிலேயே உட்கார்ந்து எண்ணினேன். ஏழு. வெள்ளிக்கிழமைக் கத்தியின் அலகில் பஞ்சாங்கத் தாளின் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை மட்டும் நான் இன்னும் துடைக்கவில்லை.

பானையில் இப்போது எங்கள் வீட்டு இட்லி வேகிறது. நான் கொடுத்த சரக்கு, இன்றுவரை ஒழுகவில்லை. பழைய துணியும் பாத்திரமும் இரண்டும் என் பக்கமே வந்து சேர்ந்தது, என் வியாபாரத்தில் அந்த ஒரு தடவைதான்.